ஆண்டர்சன் தன்னைப் பற்றி எழுதியதும் நீங்கள் உங்களைப் பற்றி எழுத வேண்டியதும்

பள்ளி ஆண்டு மலரில் உங்கள் கதை வரப்போகிறது. அதோடு இரண்டு குறிப்புகள் கேட்டிருக்கிறார்கள்: பிடித்த சிறுவர் எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை பற்றி ஒன்று, ‘இளம் எழுத்தாளர் அறிமுகம்’ என்று உங்களைப் பற்றி ஒன்று. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் எழுதி அனுப்பி, ‘இது போதுமா, இன்னும் என்ன சேர்க்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்ப்பது இருக்கட்டும் தம்பி, முதலில் நீக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆண்டர்சனைப் பற்றி ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், பல இன்னல்களைச் சந்தித்தார், விடாமுயற்சியால் உலகப் புகழ் பெற்றார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை எடுத்துவிட்டால் இது லிங்கனுக்கும் பொருந்தும், எடிசனுக்கும் பொருந்தும். உங்களைப் பற்றி எழுதியது: ‘சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம் கொண்டவன். கற்பனை வளம் மிக்கவன். இதுவரை பல கதைகள் எழுதியுள்ளேன். ஆண்டர்சனைப் போல் உலகப் புகழ் பெறுவதே என் லட்சியம்.’ உங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்த அத்தனை பேரும் இதற்குக் கீழே கையெழுத்துப் போடலாம்.

ஆனால் ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. தன்னை உலகத்துக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1832இல், 27 வயதிலேயே, ஒரு சுயசரிதை எழுதினார். அது அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை, 1926இல்தான் அச்சானது. 1847இல் ஜெர்மன் மொழியில் வெளியான தன் நூல் தொகுப்புக்காக இன்னொன்று. 1855இல், 50 வயதில், ‘என் வாழ்வெனும் தேவதைக் கதை’ என்று டேனிஷ் மொழியில் விரிவாக மூன்றாவது. எப்படி எழுத வேண்டும், எப்படி எழுதக் கூடாது என்ற இரண்டுக்கும் அவரிடமே உதாரணம் இருக்கிறது. அதனால் அவர் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே உங்கள் அறிமுகத்துக்கு வருகிறேன்.

1855ஆம் ஆண்டுப் புத்தகம் தொடங்கும் வாக்கியத்தின் சாரம் இது: என் வாழ்க்கை ஓர் அழகான தேவதைக் கதை, அவ்வளவு வளமானது, அவ்வளவு மகிழ்ச்சியானது. எனக்கு இந்த வாக்கியம் பிடிக்காது. பெரிய மனிதர் பேட்டியில் சொல்வது போல் இருக்கிறது. அதைத் தாண்டிச் சில வரிகள் போனால் ஒரு கட்டில் வருகிறது. ஒடென்ஸே நகரத்தில் ஒரு சிறிய அறை. செருப்புத் தைக்கும் இளைஞன் ஒருவன், அவன் மனைவி. தங்கள் கட்டிலை அவனே செய்திருக்கிறான். இறந்துபோன பிரபு ஒருவரின் சவப்பெட்டியைத் தாங்கி நின்ற மரச்சட்டத்தை வாங்கிச் செய்த கட்டில் அது. துக்கத்துக்குச் சுற்றிய கறுப்புத் துணியின் கிழிசல்கள் இன்னும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1805 ஏப்ரல் 2 அன்று அந்தக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டு கிடக்கிறது.

‘ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்’ என்பதற்குப் பதில் இந்தக் கட்டிலை எழுதுங்கள். அது அவருக்கு மட்டுமே உரியது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: அவர் பிறந்தபோது பெற்றோருக்குச் சொந்தமாக வீடு இருந்ததா என்றே ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். திருமணமே பிறப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் நடந்தது. ஆகவே ‘ஆண்டர்சன் தன் சுயசரிதையில் சொல்கிறார்’ என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

தந்தை செருப்புத் தைத்தாலும் புத்தகப் பிரியர். ஆயிரத்தொரு இரவுகளையும் டேனிஷ் நாடகங்களையும் மகனுக்கு வாசித்துக் காட்டினார். பொம்மை நாடக அரங்கு ஒன்றும் செய்து கொடுத்தார். நெப்போலியன் போர்க் காலத்தில் சிப்பாயாகப் போய், உடல் கெட்டுத் திரும்பி, 1816இல் இறந்தார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரார் துணியை ஆற்றில் துவைத்துப் பிழைத்தாள். தந்தைவழித் தாத்தாவுக்குச் சித்தம் கலங்கியிருந்தது. மரத்தில் விசித்திர உருவங்கள் செதுக்கிக்கொண்டு தெருவில் திரிவார். தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற அச்சம் பேரனைக் கடைசிவரை விடவில்லை.

1819இல் தேவாலயத்தில் அவருக்கு உறுதிபூசுதல் நடந்தது, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் கிறிஸ்தவச் சடங்கு அது. வாழ்க்கையில் முதல் முறையாகப் புது பூட்ஸ். கால்சட்டைக்குள் மறைந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? கால்சட்டையை பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டார். நடக்கும்போது தோல் கிறீச்சிட்டது. புது பூட்ஸ் என்று எல்லோருக்கும் கேட்குமே என்று உள்ளூர மகிழ்ச்சி. சடங்கின்போது கடவுளை நினைக்காமல் பூட்ஸை நினைத்துவிட்டோமே என்று பிறகு வருத்தம். 1845இல் எழுதிய ‘சிவப்புக் காலணிகள்’ கதைக்கு விதை இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பையனின் ஏழ்மை, ஆசை, பிறர் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு, குற்ற உணர்ச்சி நான்கும் ஒரு ஜோடி பூட்ஸில் வந்துவிட்டன, பாருங்கள். உங்கள் குறிப்பில் இருக்கும் ‘பல இன்னல்கள்’ இந்த வேலையைச் செய்யாது.

அதே ஆண்டு செப்டம்பரில், 14 வயதில், சேமித்த 13 ரிக்ஸ்டாலரோடு (அந்நாள் டேனிஷ் நாணயம்) தலைநகர் கோபன்ஹேகனுக்குக் கிளம்பினார். நடிகனாக, பாடகனாக, நடனக்காரனாக, ஏதாவது ஒன்றாக ஆகிவிட வேண்டும். புகழ்பெற்ற நடனமணி ஒருவரின் வீட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு, தொப்பியைத் தம்பட்டமாகத் தட்டிக்கொண்டு ஆடிக் காட்டினார். அந்த அம்மையார் ‘பைத்தியம்’ என்று நினைத்து அனுப்பிவிட்டார். இத்தாலியப் பாடகர் சிபோனி இரக்கப்பட்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், குரல் உடைந்தது. நடனப் பள்ளியிலும் நிலைக்கவில்லை.

இங்கே உங்களைப் போன்ற மாணவ எழுத்தாளர் ஒருவர் வருகிறார். 1822இல், 17 வயதில், ஆண்டர்சன் ‘இளமை முயற்சிகள்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் போட்டுக்கொண்ட புனைபெயர் வில்லியம் கிறிஸ்டியன் வால்டர். வில்லியம், ஷேக்ஸ்பியரிடமிருந்து. வால்டர், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டிடமிருந்து. நடுவில் இருக்கும் கிறிஸ்டியன் மட்டும் சொந்தம். இரண்டு மலைகளுக்கு நடுவே தன்னைச் செருகிக்கொண்ட இந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அன்பும் வருகிறது. புத்தகம் ஏறக்குறைய விற்கவே இல்லை. ‘ஆண்டர்சனைப் போல் உலகப் புகழ்’ என்று நீங்கள் எழுதினீர்கள் அல்லவா, அதுவும் இந்த ரகம்தான். ஆசை தவறில்லை. ஆனால் வாசிப்பவருக்கு அதிலிருந்து ஆண்டர்சன் தெரிகிறாரே தவிர நீங்கள் தெரியவில்லை.

ராயல் தியேட்டர் நிர்வாகிகளில் ஒருவரான யோனாஸ் கொலின் இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது, படிப்புத்தான் இல்லை என்று கண்டுகொண்டார். அரசர் ஆறாம் ஃபிரெடெரிக்கின் உதவித்தொகை கிடைக்கச் செய்து, 1822இல் ஸ்லாகெல்ஸே பள்ளிக்கு அனுப்பினார். 17 வயது நெட்டைப் பையன், தன்னைவிட ஐந்தாறு வயது இளையவர்களோடு ஒரே வகுப்பில். தலைமை ஆசிரியர் மைஸ்லிங் அவரை எல்லோர் முன்னிலும் கேலி செய்வார். கவிதை எழுதக் கூடாது என்று தடை வேறு. பள்ளி மாறி மைஸ்லிங் ஹெல்சிங்யோர் போனபோது ஆண்டர்சனும் போனார், அவர் வீட்டிலேயே தங்கினார், அவதி இரட்டிப்பானது. அங்கேதான் தடையை மீறி ‘சாகும் குழந்தை’ என்ற கவிதையை எழுதினார். இறக்கும் குழந்தையின் வாயிலிருந்தே வரும் கவிதை. மைஸ்லிங் அதைக் குப்பை என்றார். அது 1827இல் அச்சாகிப் பலரையும் உருக்கியது. அதே ஆண்டு கொலின் அவரைப் பள்ளியிலிருந்து மீட்டார். தனியாகப் படித்து 1828இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். ‘பள்ளிக்கே போகாத மேதை’ என்ற உங்கள் வரியை அடித்துவிடுங்கள். போனார், போய்த்தான் நொந்தார்.

அந்தப் பள்ளி நாள்களில் எழுதியது என்று கருதப்படும் சிறு கதை ஒன்று, ‘மெழுகுவத்தி’, 2012இல் ஒடென்ஸே ஆவணக் காப்பகத்தில் ஒரு பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தது. சிறுவயதில் புத்தகம் இரவல் கொடுத்த பாதிரியார் வீட்டு விதவை அம்மையார் ஒருவருக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறார். கதை சுமார்தான். ஆனால் யாரால் தான் வாசகன் ஆனேன் என்று அந்த மாணவனுக்குத் தெரிந்திருக்கிறது.

1835 மே மாதம் அவருடைய முதல் சிறுவர் கதைப் புத்தகம் வந்தது. நான்கே கதைகள் கொண்ட மெலிந்த வெளியீடு. ‘இளவரசியும் பட்டாணியும்’ அதில் ஒன்று. அதற்குச் சற்றுமுன் வெளிவந்த நாவலுக்கு நல்ல பெயர். கதைகளுக்கோ வசவு. பேசுவது போல் எழுதுகிறார், குழந்தைகளுக்கு நீதி சொல்லவில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார்கள் விமர்சகர்கள். மாறாகச் சொன்னவர் ஒருவர்: நாவல் உங்களுக்குப் புகழ் தரும், இந்தக் கதைகள் உங்களைச் சாகாதவராக்கும் என்றார். அவர் வேறு யாருமல்ல, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் காட்டிய ஆயர்ஸ்டெட். உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருப்பவர். ஆண்டு மலரில் இந்த வரியைப் போடுங்கள், அறிவியல் ஆசிரியர்களும் படிப்பார்கள்.

1837இல் ‘சக்கரவர்த்தியின் புதிய ஆடைகள்’ வந்தது. மூலம் பழைய ஸ்பானியக் கதை. ஆண்டர்சனின் கையெழுத்துப் பிரதியில், ஆடையே இல்லாத சக்கரவர்த்தியை ஊர் மெச்சுவதோடு கதை முடிந்துவிட்டது. அச்சுப் பிரதி திருத்தும் நேரத்தில்தான் ‘அவர் ஒன்றுமே உடுத்தவில்லையே!’ என்று ஒரு குழந்தை சொல்வதைச் சேர்த்தார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது கடைசி நேரத்தில் சேர்த்த அந்த ஒரு வரியை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தங்கை விஷயத்தில் தேவைப்படும்.

புகழ் வந்த பிறகான வாழ்க்கையை விரைவாகக் கடக்கலாம். ஐரோப்பா முழுதும் சுற்றினார். தீ விபத்துக்குப் பயந்து, மாடியிலிருந்து இறங்குவதற்கென்று பெட்டியில் ஒரு கயிறு எப்போதும். திருமணம் இல்லை, சொந்த வீடு இல்லை. 1857இல் சார்லஸ் டிக்கன்ஸ் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஐந்து வாரம் தங்கினார். அவர் போனதும் டிக்கன்ஸ், ஆண்டர்சன் இந்த அறையில் ஐந்து வாரம் உறங்கினார், எங்கள் குடும்பத்துக்கு அது ஒரு யுகமாகத் தோன்றியது என்று எழுதிக் கண்ணாடியில் செருகிவைத்தார். 1867இல் ஒடென்ஸே நகரம் விளக்கேற்றி அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. 1875 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். 156 கதைகள் என்பது வழக்கமான கணக்கு.

இப்போது அவர் மறைத்ததற்கு வருவோம். அவருக்கு ஓர் அக்கா இருந்தாள், கேரன் மரீ. தாய்க்குத் திருமணத்துக்கு முன் பிறந்தவள். வெளியிட்ட சுயசரிதைகளில் அவள் இல்லை. என்றைக்காவது வாசலில் வந்து நிற்பாளோ என்று அஞ்சியே வாழ்ந்தார். 1842இல் அவள் பக்கத்திலிருந்து தொடர்பு வரவும் செய்தது. தாய் குடிப்பழக்கத்தில் விழுந்து, 1833இல் ஏழைகள் இல்லத்தில் இறந்தாள். மகிழ்ச்சியான தேவதைக் கதையில் இதற்கெல்லாம் இடம் கொடுப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

ஆனால் சுயசரிதை மழுப்பிய இடத்தில் கதைகள் பேசிவிட்டன. ‘ஒன்றுக்கும் உதவாதவள்’ என்ற கதையைத் தேடிப் படியுங்கள். குளிர்ந்த ஆற்றில் நாளெல்லாம் நின்று துணி துவைக்கும் ஒருத்தி, உடம்பில் சூடு நிற்க ஒரு மிடறு சாராயம் குடிப்பாள். நகரத் தலைவர் அவளை ஒன்றுக்கும் உதவாதவள் என்பார். அவள் மகன் கேட்டுக்கொண்டிருப்பான். ‘தீக்குச்சி விற்ற சிறுமி’ 1845இல் எழுதியது. ஒரு படத்துக்குக் கதை கேட்டார்கள் என்பதற்காக எழுதியதுதான். ஆனால் சிறுவயதில் பிச்சையெடுக்க அனுப்பப்பட்டு, வெறுங்கையோடு திரும்ப அஞ்சிப் பாலத்தடியில் உட்கார்ந்து அழுத தாயை அவர் அதில் நினைத்திருக்கிறார். கொலினின் மகன் எட்வர்டிடம், நாம் ‘நீ’ என்றே பேசிக்கொள்ளலாமே என்று 1831இல் கடிதம் எழுதிக் கேட்டார். எட்வர்ட் மறுத்துவிட்டார். பதினாறு ஆண்டு கழித்து ‘நிழல்’ என்ற கதையில், மனிதனுடைய சொந்த நிழலே அவனிடம், என்னை ‘நீ’ என்று அழைக்காதே என்கிறது.

என் கட்சி இதுதான்: அறிமுகம் எழுதும்போது 1855ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் வாக்கியத்தைப் பின்பற்றாதீர்கள், கட்டிலையும் பூட்ஸையும் பின்பற்றுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விடுவது உங்கள் உரிமை. ஆனால் சொல்வது குறிப்பாக இருக்கட்டும். சிறுவர் இதழ் ஒன்றுக்குக் கதை தேர்ந்தெடுக்கும் வேலையைப் பல ஆண்டு செய்தவன் நான். ‘ஆர்வம் கொண்டவன்’, ‘கற்பனை வளம் மிக்கவள்’ என்று வரும் அறிமுகங்களை யாரும் படிப்பதில்லை. கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், உங்களுடைய நல்ல அறிமுகம் ஏற்கெனவே என் கையில் இருக்கிறது. அறிமுக வரைவில் அல்ல, அதோடு எனக்கு எழுதிய கடிதத்தில். கையெழுத்து மோசமாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கும்போது, அப்பா கணக்கு எழுதும் அரிசி மண்டியில் ரத்தான பில்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகியதால் எழுத்து பொடியாகிவிட்டது என்கிறீர்கள். இன்னோரிடத்தில், கதையில் வந்த கோழி பாதியிலேயே காணாமல் போனதைத் தங்கை கேட்டுக்கேட்டுத் துளைத்ததால் முடிவையே மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். இரண்டையும் போகிறபோக்கில், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். அவைதான் சரக்கு. நானாக இருந்தால் இப்படி அடுக்குவேன்:

“பதினோராம் வகுப்பு படிக்கிறேன். அப்பா கணக்கு எழுதும் அரிசி மண்டியில் ரத்தான பில்களை வாங்கி வந்து, அவற்றின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். அதனால் என் கதைகள் பெரும்பாலும் ஒரு பில் நீளம்தான். நீண்டுபோனால் குண்டூசி குத்துவேன். முதலில் கேட்பவள் என் தங்கை. இந்த மலரில் வரும் கதையில் ஒரு கோழி பாதியில் காணாமல் போயிருந்தது. ‘கோழி எங்கே?’ என்று அவள் ஒரு வாரம் விடவில்லை. இப்போது நீங்கள் படிக்கும் முடிவு அவள் கேட்டு வாங்கியது.”

இதில் ஒரு பாராட்டுச் சொல்லாவது இருக்கிறதா? நீங்கள் எழுதத் தெரிந்தவர், பிறர் சொல்வதைக் கேட்பவர், வசதி இல்லாததைப் பெரிதுபடுத்தாதவர் என்பதெல்லாம் படிப்பவர் தாமே கண்டுகொள்வார். லட்சியத்தை எழுதியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், உலகப் புகழை விட்டுவிட்டு அடுத்து எழுத நினைக்கும் கதையைச் சொல்லுங்கள். ‘பல கதைகள்’ என்ற இடத்தில் முடித்த கதைகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். ஐந்து என்றால் ஐந்து. பரிசு வாங்கியிருந்தால் எந்த ஆண்டு, எந்தப் போட்டி என்று ஒரே வரியில். கேடயத்தின் உயரமெல்லாம் வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவிடமும் தங்கையிடமும் வாசித்துக் காட்டுங்கள். மண்டியைப் பற்றி எழுதுவது அப்பாவுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். ரத்தான பில் வெளியே போனது முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம். அப்படியானால் ‘பழைய பில்’ என்று மட்டும் போட்டு மண்டியை விட்டுவிடுங்கள், குண்டூசி போதும்.

‘நான்’ என்று எழுதுவதா, ‘இவர்’ என்று எழுதுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். மலரில் மற்ற மாணவர்களுக்கு எப்படி வருகிறதோ அப்படி. என்னைக் கேட்டால் ‘நான்’. தன்னையே ‘இவர்’ என்று எழுதும்போது யாராக இருந்தாலும் மாலை போட்டுக்கொள்ளக் கை நீளும்.

ஆண்டர்சன் குறிப்பில் இன்னும் இரண்டு திருத்தங்கள். ‘சிண்ட்ரெல்லா’, ‘ஸ்நோ ஒயிட்’ இரண்டையும் அவர் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். சிண்ட்ரெல்லா பழைய நாட்டுப்புறக் கதை. பிரான்சில் பெரோவும் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களும் எழுதியவை பிரபலம். ஸ்நோ ஒயிட் கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் இருப்பது. ஆண்டர்சன் எழுதியது ‘பனி அரசி’, 1844. கிரிம் சகோதரர்கள் கதைகளைத் திரட்டியவர்கள். ஆண்டர்சன் தொடக்கத்தில் கேட்ட கதைகளைத் தன் பாணியில் திருப்பிச் சொன்னாலும், பிறகு எழுதியவை பெரும்பாலும் சொந்தக் கற்பனை. ‘அசிங்கமான வாத்துக்குஞ்சு’ 1843. நீங்கள் போட்ட 1834 இலக்கம் இடம் மாறியதாக இருக்கும். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 2, 1967 முதல் சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம். உங்கள் மலர் அந்தச் சமயத்தில் வருவதாக இருந்தால் இதைக் குறிப்பின் முதல் வரியாகவே வைக்கலாம். இடம் போதாமல் எதையாவது வெட்டச் சொன்னால் டிக்கன்ஸை வெட்டுங்கள்.